ஒருத்தி போக, இன்னொருத்தி நின்றாள்: மலையகக் குடும்பம் ஒன்றின் மூன்று பெண்கள்

ஆசியக் குடும்பங்களில் பெண்ணின் இடம் எப்படி மாறியது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் சொல்வார்கள். முன்பு வீட்டுக்குள் இருந்தாள், பிறகு படித்தாள், அப்புறம் வேலைக்குப் போனாள், அதனால் குடும்பம் மாறியது. மற்ற இடங்களுக்கு இது எவ்வளவு பொருந்துமோ தெரியாது, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்குப் பொருந்தாது. 1867இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாளிலிருந்து பார்த்தாலும், இங்கே பெண் வீட்டுக்குள் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. தேயிலைக்கு முன் இங்கே இருந்தது கோப்பி (காப்பி). அதற்கு அறுவடைக் காலத்தில்தான் அதிக ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வேலை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். தேயிலைக்கு அது சரிவராது. எடுத்த மலையிலேயே சில நாட்களில் மறுபடி கொழுந்து நிற்கும், வருடம் முழுக்க எடுத்தாக வேண்டும். அதற்காகக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். கொழுந்து பெண்களின் கைக்குப் போனது.

ஆகவே ‘பெண் வேலைக்குப் போனாளா?’ என்ற கேள்வியை வைத்து இங்கே எதையும் அளக்க முடியாது. அவள் சம்பளம் யார் கைக்குப் போனது, அவள் போன நேரத்தில் வீட்டில் யார் நின்றது என்று கேட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறவள் நான். எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு குடும்பத்தை எடுத்து, இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கிறேன். அவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அப்பாயி (அப்பாவின் அம்மா), அம்மா, மகள் என்று மகளின் முறையிலேயே அழைக்கிறேன்.

அப்பாயி

அப்பாயி 1954இல் லயத்துக் காம்பிராவில் (அறையில்) பிறந்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. 1968இல், பதினான்கு வயதில், அரைப் பேருக்கு, அதாவது பாதிக் கூலிக்கு, கொழுந்தெடுக்கப் போனார். கல்யாணமாகி அதே தோட்டத்தில் இன்னொரு லயத்துக்கு மாறினார். அவருடைய ஒரு நாள் இப்படி இருந்தது: விடியுமுன் எழுந்து பீலியில் தண்ணீர் பிடிப்பது, ரொட்டி சுட்டுச் சம்பல் அரைப்பது, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விடுவது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவது, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறுவது. மாலை நிறுவை முடிந்து வந்தால் விறகு, சமையல், பிள்ளை. அட்டைக்கடியையும் குளவிக்கொட்டையும் அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்போது ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாட்கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்கூலி. 1984இல் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இரண்டும் சமமாயின. அப்பாயிக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெண்கள் கூடையை இறக்கிவிட்டு லயத்தில் உட்கார்ந்த நாட்களைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்துவிடும். அந்த வெற்றியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கூலி சமமானபோது நேரம் சமமாகவில்லை. கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலை பெரும்பாலும் அளந்து கொடுக்கும் கணக்கு வேலை. சுறுசுறுப்பாகச் செய்தால் மதியத்தோடு முடிந்துவிடும். கொழுந்துக்காரி மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும். ஒரே கூலிக்கு அவள் தினமும் சில மணிநேரம் கூடுதலாக நின்றாள். அதோடு வீட்டு வேலையும் அவளுடையதே.

சம்பள நாளில் அந்தப் பணத்தை யார் வாங்கியது? நான் கேட்டபோது அப்பாயி தயங்காமல் சொன்னார்: “எங்க வூட்டுக்காரர்தான் வாங்குவாரு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. கேக்கணும்னு தோணினதும் இல்ல.” மனைவியின் சம்பளத்தைப் புருசன் கையெழுத்துப் போட்டு வாங்குவது அன்றைக்கு எந்தத் தோட்டத்திலும் அதிசயம் இல்லை. கணக்கப்பிள்ளையும் கேட்கமாட்டார், கிளாக்கரும் கேட்கமாட்டார். உழைத்தவளின் பெயர் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) இருந்தது, பணம் வேறு கையில் இருந்தது.

பணத்தில் இல்லாத உரிமை பெரிய முடிவுகளிலும் இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. அப்பாயியின் அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனது. இவர் இங்கேயே நின்றார். போவதா நிற்பதா என்று முடிவு செய்தவர் மாமனார். “என்ன யாரும் கேக்கல” என்றார் அப்பாயி. கூடப்பிறந்தவனை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. எந்த நாட்டில் வாழ்வது என்பதைக்கூட அவர் வாயால் சொல்ல இடமிருக்கவில்லை. இதைக் கேட்ட பிறகு, வெறும் கூலிக் கணக்கை வைத்து அந்தத் தலைமுறைப் பெண்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா

மருமகளாக 1998இல் இந்த வீட்டுக்கு வந்தவர் அம்மா. எட்டாம் ஆண்டு வரை படித்திருந்தார். 1999இல் மகள், 2005இல் மகன். கணவர் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள்தான், ஆனால் குடி. நகையெல்லாம் அடகுக் கடையில். 2008இல் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தார். அந்த லயத்தில் இவர் முதல் ஆள் இல்லை. வெளிநாட்டு வேலைக்காக நாட்டைவிட்டுப் போனவர்களில் 1990களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பெண்கள். இலங்கையின் அந்நியச் செலாவணியில் ஒரு முக்கியப் பகுதி இப்படிப்பட்ட பெண்களின் முதுகில் வந்தது.

எல்லாரும் ‘அம்மா குவைத் போனா’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் போவதற்காக இன்னொருவர் வேலையை விட வேண்டியிருந்தது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. அப்பாயிக்கு அப்போது 54. இன்னும் சில வருடம் கொழுந்தெடுக்கும் தெம்பு இருந்தது, அவரே சொல்கிறார். பிள்ளைகளுக்காகத் தோட்டப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு வீட்டில் நின்றார். அவருடைய ஈபிஎப் (சேமலாப நிதி) காசு வந்ததும் பழைய கடனுக்கும் ஏஜென்சிச் செலவுக்கும் போனது. நாற்பது வருட உழைப்பின் சேமிப்பு அது. அம்மா அனுப்பிய ஒவ்வொரு மாதப் பணத்துக்கும் பின்னால் அப்பாயி இழந்த ஒரு மாதச் சம்பளம் இருந்தது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இதை எழுதமாட்டார்கள். கணவரோ அதே வீட்டில்தான் இருந்தார். அவர் வேலையை விட்டுப் பிள்ளை பார்க்கலாம் என்ற பேச்சே எழவில்லை. உண்மையில் மாதாமாதம் பணம் வரத் தொடங்கியதும் அவர் வேலைக்குப் போவதைத்தான் குறைத்துக்கொண்டார்.

2011இல் அம்மா திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு டீவி இருந்தது. கூரைத் தகரம் அதே ஓட்டைத் தகரம். நகை அடகிலேயே மூழ்கிப்போயிருந்தது. பணம் கணவரின் கணக்குக்கு வந்தது, கணவரின் கையால் போனது. சம்பள மேசையில் அப்பாயிக்கு நடந்தது, மருமகளுக்கு வங்கி வழியாக நடந்தது.

2012இல் மறுபடி போவதற்கு முன் அம்மா செய்த காரியம்தான் இந்தக் குடும்பத்தின் திருப்பம் என்று நான் நினைக்கிறேன். “மாமி, இனிமே காசு ஒங்க பேருக்குத்தான் போடுவேன். நீங்க புக்கு ஒண்ணு தொறங்க” என்றார். மாமியார் பெயரில், தன் புருசனுக்குத் தெரிந்தே. அப்பாயிக்குக் கைநாட்டு மட்டும்தான் தெரியும். பதின்மூன்று வயது மகள், பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். ஹட்டன் டவுனுக்குப் பஸ்ஸில் போய்ப் படிவம் நிரப்புவதும் அவள்தான். அம்மா சம்பாதிக்க, அப்பாயி வைத்திருக்க, மகள் எழுத, அந்தப் பணம் நான்கு வருடம் பெண்கள் கையிலேயே நின்றது.

வீடு சும்மா இருக்கவில்லை. பெற்ற தாயே மகனை நம்பவில்லை என்று லயம் பேசியது. கணவர் சில வாரம் வீட்டில் சாப்பிடாமல் இருந்தார், ஒரு தடவை புத்தகத்தைக் கேட்டு அடுப்படியில் சட்டி பானையை உடைத்தார். அப்பாயி கொடுக்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்லியே பழகிய நமக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். அப்பாயி மருமகளின் பக்கம் நின்றதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. தன் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் வாழ்ந்த நாற்பது வருடம் அவருக்குள் இருந்தது. “அவளுக்காவது தெரியட்டும்” என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே காரணம்.

அந்தப் பணத்தில் கடன் தீர்ந்தது, கூரை மாறியது, மகளுக்கு டவுனில் டியூஷன் கிடைத்தது. கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மகள் பெரியபிள்ளையான சடங்கை அம்மா போட்டோவில் பார்த்தார். மகன் படிப்பில் பின்தங்கினான். கொரோனாவில் பாடசாலை மூடிக் கிடந்த பிறகு அவன் திரும்பிப் போகவில்லை. 2021இல், பதினாறு வயதில், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். ‘தாய் இல்லாம வளந்த பிள்ளை’ என்று ஊர் சொல்கிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். தகப்பன் முழு நேரமும் வீட்டில் இருந்தான், அவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சட்டமும் அதே கண்ணால்தான் பார்த்தது. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாது என்றானது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் டொலர் இல்லாமல் போனதும் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையின் நலன்தான் காரணம் என்றால், நாட்டில் டொலர் குறைந்ததும் அந்த நலனுக்கு என்ன ஆனது? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தகப்பன் போவதற்கு இப்படி ஒரு தடை இருந்ததே இல்லை.

2016இல் திரும்பிய அம்மா இப்போது மறுபடி கொழுந்தெடுக்கிறார். 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1,000 ரூபாய் ஆக்கியது, 2024இல் அது 1,350 ஆனது. கூலி ஏறும்போதெல்லாம் கிலோவும் ஏறுகிறது. கேட்ட கிலோவை எடுக்காவிட்டால் அரைப் பேர்தான். 2021இல் ரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு கொழுந்து குறைந்துபோன மலைகளில் இது பெரிய கொடுமையாக இருந்தது. ஆனால் ஒன்று: சம்பளத்தை அம்மாவே வாங்குகிறார். கணவரும் இப்போது ஓரளவு குடியைக் குறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். அதற்கு யார் காரணம் என்று வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

மகள்

மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி முடித்து, இப்போது தமிழ்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கு ஒரு தலைமுறைக்குப் பிறகு இப்படி ஒரு பெண் உருவாவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இவள் கதையை மலையகப் பெண்ணின் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவளோடு படித்த பெண்களில் பலர் கார்மென்ட் தொழிற்சாலைக்குப் போனார்கள், சிலர் டவுன் கடைகளில் நிற்கிறார்கள், சிலர் கொழும்பில் வீட்டு வேலை. வீட்டு வேலைக்காரிக்குச் சம்பள நிர்ணய சபை கிடையாது, ஈபிஎப் சட்டமும் அவளைச் சேர்க்கவில்லை. தாயும் பாட்டியும் மலையில் சண்டை போட்டு வாங்கிய பாதுகாப்பை, நகரத்துக்குப் போன பெண் இழந்துவிடுகிறாள். வெளியே போவது எல்லாம் முன்னேற்றம் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

பொது வாழ்விலும் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. மலையகத் தொழிற்சங்கங்களில் சந்தா கட்டுகிறவர்களில் பெண்களே அதிகம், மேடையில் ஆண்களே அதிகம். கேரளத்தின் மூணாறில் 2015 செப்டம்பரில் தமிழ்த் தோட்டப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று கூடி, தங்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுப் போராடி 20 வீத போனஸ் வாங்கியபோது, இங்கே லயங்களில் அதைக் கைபேசியில் பார்த்தவர்கள் உண்டு. உள்ளூராட்சி சபைகளுக்கு 25 வீதப் பெண் ஒதுக்கீட்டோடு 2018இல் தேர்தல் நடந்தது. 2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். மக்கள் வாக்களித்து அங்கே போன முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் அவர்கள். மகள் அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டினாளாம்.

மகளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு. ஆசிரியை என்றதும் மாப்பிள்ளைகள் வருகிறார்கள். மாதச் சம்பளம் இன்றைக்குப் புது வகைச் சீதனம் ஆகிவிட்டது. முன்பு நகையை எண்ணினார்கள், இப்போது ‘கையில எவ்வளவு வருது?’ என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண் வேண்டும், ஆனால் அவள் வீட்டு வேலையில் ஒன்றும் குறையக் கூடாது. வந்த ஒரு வீட்டில், சம்பளத்தை மாமியாரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் தங்களுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். மகள் எழுந்து போகவில்லை, சண்டையும் போடவில்லை. வங்கி அட்டை தன்னிடமே இருக்கும், வீட்டுச் செலவில் தன் பங்கைக் கொடுப்பேன் என்று அமைதியாகச் சொன்னாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அம்மா கவலைப்பட்டார். அப்பாயி கவலைப்படவில்லை.

பணத்தில் மூன்று தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். நேரத்தில் வரவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது? தோட்டத்துப் பிள்ளைக் காம்பிரா தோட்டத்தில் பேர் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்கு. ஆசிரியையின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அப்பாயிக்கு 71 வயது. மிச்சம் இருப்பது அம்மா. அம்மாவுக்கு இப்போது 49. அவர் பேரை வெட்டிக்கொண்டால் 2008இல் அப்பாயி செய்ததை அப்படியே செய்தவராவார். ஈபிஎப் குறையும், கையில் வரும் சொந்தக் காசு நிற்கும், வயதான காலத்தில் யாரையாவது எதிர்பார்க்க வேண்டிவரும். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு பெண்ணும் வைத்த அடிக்கு, அவளைவிட மூத்த இன்னொரு பெண் தன் வேலையைக் கொடுத்திருக்கிறாள். ஆண்கள் யாரும் எதையும் விடவில்லை. பெண்ணின் இடம் மாறியது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பெண்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொண்டதுதான் என்பது என் முடிவு.

தோட்டங்களிலும் டவுன்களிலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களை வேலைக்குப் போகும் எல்லாத் தாய்மாருக்கும் திறந்துவிட்டால், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையாவது அறுக்கலாம். கட்டிடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பல தோட்டங்களில் பிள்ளைகள் குறைந்து பாதி காலியாகக் கிடக்கின்றன. புது வீடு கொடுக்கும்போது காணியைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுவதும் இதில் சேரும். இந்தக் குடும்பமும் வீட்டுக்குக் காத்திருக்கிறது. பட்டியலில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. தன் பெயரையும் போடச் சொல்லி அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆண்கள் பக்கத்தில் நான் கண்ட ஒரே அசைவு மகனிடம். கொழும்புச் சாப்பாட்டுக் கடையில் அவன் கொத்து போடுகிறான், ரொட்டி வீசுகிறான், தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிறான். மலையகத்து ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அதுதான் தொழில். லீவில் வீட்டுக்கு வந்தால் அம்மா சுட்ட ரொட்டிக்குக் காத்திருப்பார்கள். சென்ற தீபாவளிக்கு முன் அப்பாயி வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்தார். வழக்கப்படி அம்மா வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அவர் மகனுக்குப் போன் போட்டு, “நீ வா. நான் பேரை விடமாட்டேன்” என்றார். அவன் முதலாளியிடம் சம்பளமில்லாத லீவு கேட்டு வந்தான். அப்பாயியைக் குளிப்பாட்டுவதை மகள் பார்த்துக்கொள்ள, அவன் சமைத்தான், துவைத்தான், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். லயத்தில் சிரித்தார்கள். தகப்பன் முதல் சில நாள் அந்தச் சாப்பாட்டைத் தொடவில்லை, பிறகு தொட்டார். அப்பாயி நடக்கத் தொடங்கியதும் மகன் கொழும்புக்குத் திரும்பினான். மருந்துக்கென்று இப்போது மாதாமாதம் பணம் போடுகிறான், அம்மாவின் கணக்குக்கு.

அண்மையில் இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல மனிதர்கள், சம்பளப் பேச்சை எடுக்கவில்லை. மகளே பேச்சை எடுத்தாள். “பிள்ள பொறந்து எண்பத்து நாலு நாள் முடிஞ்சா யார் பாக்குறது? எங்க அம்மா வேலைய விடமாட்டாங்க” என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.